ஆளுநர் கையால் வாங்க வேண்டிய கால்

என் கால் மூன்று மாதம் பூந்தமல்லியில் ஒரு டைல்ஸ் கடைக் குடோனில் கிடந்தது. நான் திருவேற்காட்டில் என் வீட்டில் கிடந்தேன். இரண்டுக்கும் நடுவில் ஷேர் வேனில் போனால் இருபது நிமிஷம்கூட ஆகாது. கேட்கிறவர்கள் சிரிக்கிறார்கள். எனக்கு இப்போது சொல்லும்போதும் வயிறு எரிகிறது.

என் பெயர் எழில். அம்பத்தூர் எஸ்டேட்டில் ரப்பர் வளையம் செய்கிற ஒரு கம்பெனியில் ஒன்பது வருஷமாகச் செக்கிங் வேலை. வண்டி எஞ்சினுக்குள் போகிற கறுப்பு வளையங்கள். விரலில் மாட்டி ஒரு சுற்று சுற்றினாலே எனக்குத் தெரிந்துவிடும், பிசிறு இருக்கிறதா, குமிழ் இருக்கிறதா என்று. சரியில்லாததைச் சிவப்புப் பெட்டியில் போடுவேன். எட்டு மணி நேரமும் நின்றுகொண்டேதான் வேலை. நாற்காலி போட்டால் பெண்கள் தூங்கிவிடுவார்கள் என்பது மேலே இருக்கிறவர்களின் கண்டுபிடிப்பு. அவர்கள் எல்லோரும் நாற்காலியில்தான் இருக்கிறார்கள்.

நவம்பரில் ஒரு மழை நாள், பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்த என்னை ஒரு தண்ணீர் லாரி பின்பக்கமாக வந்து இடித்தது. இடது கால் முட்டிக்குக் கீழே போய்விட்டது. அதற்கு அழுது முடித்தாயிற்று. இது லாரிக்காரன் கதை இல்லை.

கம்பெனியில் ஆட்களைப் பார்த்துக்கொள்கிற எச்.ஆர். பெண்ணுக்கு சிம்ரன் என்று பெயர். இருபத்தாறு வயதுதான் இருக்கும், ஆவடிப் பெண். ஆஸ்பத்திரிக்கு வந்து என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "அக்கா, உங்க எடத்த நான் புடிச்சி வெக்கிறேன். ஆனா ஜூன் ஒண்ணாந்தேதி காலைல நீங்க லைன்ல நிக்கணும். அதுக்கு மேல என் கையில இல்ல," என்றாள். நான் கான்ட்ராக்ட் ஆள். அவ்வளவு சொன்னதே பெரிசு. அன்றிலிருந்து ஜூன் ஒன்று என் மண்டைக்குள் ஆணி அடித்தாற்போல நின்றுவிட்டது.

என் வீட்டுக்காரர் விஜய் திருவேற்காட்டிலிருந்து பூந்தமல்லிக்கு ஷேர் வேன் ஓட்டுகிறார். வண்டியில் ஏறுகிறவர்கள் பேசுவதெல்லாம் அவர் காதில் விழும். பிப்ரவரியில் ஒரு நாள் சாப்பாட்டுக்கு வந்தவர், செருப்பைக்கூடக் கழற்றாமல், "எழிலு, முகப்பேர்ல ஒரு சங்கத்துக்காரங்க காலு குடுக்கறாங்களாம். அளவு எடுத்துக்கினு ஃப்ரீயா செஞ்சி தராங்களாம். சீக்கிரமே வந்துருமாம். ஞாயித்துக்கெழம போலாம் வா," என்றார்.

முகப்பேர் ஒளிவட்ட சேவைச் சங்கம். பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். கால் இல்லாதவர்கள் பன்னிரண்டு பேர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். அளவு எடுப்பதற்கு முன்னால் ஒரு மணி நேரம் விழா. மணி அடித்தார்கள். கொடிக்கு எழுந்து நிற்கச் சொன்னார்கள். சொன்ன பிறகுதான் யாரைப் பார்த்துச் சொல்கிறோம் என்று மைக் பிடித்தவருக்கு உறைத்தது. தலைவர், உடனடி முன்னாள் தலைவர், அவருக்கும் முன்னாள் தலைவர் என்று ஆளுக்கொரு சால்வை. எங்கள் பக்கத்தில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

ஆனாலும் நான் நன்றி கெட்டவள் இல்லை. கால் கொடுக்கிறேன் என்று வேறு யார் வந்தார்கள்? அன்று அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, கூச்சம்தான் இருந்தது.

அளவு எடுத்தவர் முகமது இஸ்மாயில். செயற்கைக் கால் செய்கிற இடத்திலிருந்து சங்கம் அழைத்து வந்திருந்தது. முட்டிக்குக் கீழே இருக்கிற என் மிச்சக் காலில் ஈரமான மாவுக்கட்டைச் சுற்றி, அது இறுகுகிறவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பேசினார்.

"எம்மா, நல்லா கேட்டுக்கோ. இந்த அச்சுல ஒரு கிண்ணம் செய்வோம். அதுக்குள்ளதான் உன் காலு உக்காரும். உன்னுது புதுக் காயம். வீக்கம் வத்தி, சதை எளைச்சிக்கினே போவும். அதனால கால் கைக்கு வந்ததும் மாட்டி நடக்க ஆரம்பிச்சிரு. வாரா வாரம் நான் சரி பண்ணித் தரேன். போடாம வெச்சிருந்தன்னா கிண்ணம் லூஸாயிடும். அப்புறம் அது உனக்கு ஆவாது, வேற யாருக்கும் ஆவாது."

எனக்குப் புரிந்தது. அளவு என்றால் என்ன என்று ஒன்பது வருஷம் கையால் தடவிப் பார்த்தவள் நான்.

பக்கத்து நாற்காலியில் பொன்னம்மாள் அக்கா இருந்தார். எங்கள் ஊர்க் கோயில் தெருவில் பூ விற்பவர். சர்க்கரையால் டிசம்பரில் வலது கால் போயிருந்தது. அவருக்கும் புதுக் காயம்தான். "சீக்கிரம் வந்தா போதும் தாயி. எடத்துல ஆள் இல்லன்னா வேற எவளாவது கூடய வெச்சிருவா," என்றார்.

பிப்ரவரி கடைசியில் சங்கத்தின் செயலாளர் இளங்கோ போன் செய்தார். வங்கியில் வேலை பார்ப்பவர், அதிர்ந்து பேசத் தெரியாதவர். "கால் வந்துடுச்சும்மா. பன்னெண்டும் வந்துடுச்சு."

"எப்ப வரட்டும் சார்? இப்பவே வரேன்."

"மார்ச் இருபத்திரண்டு ஆளுநர் விசிட்மா. அன்னைக்கு மேடையில அவர் கையால கொடுக்கறோம்."

ஆளுநர் என்றதும் கிண்டியில் இருப்பவர்தான் வருகிறார் என்று நினைத்துவிட்டேன். விஜய் தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்துவிட்டார். பிறகுதான் தெரிந்தது, இது சங்கத்து ஆளுநர். இந்த மாதிரிச் சங்கங்கள் நாற்பது ஐம்பது சேர்ந்தால் ஒரு மாவட்டம், அதற்கு ஒருவர் ஆளுநர். பெயர் சிவராமன், அண்ணா நகரில் நகைக்கடை வைத்திருக்கிறார். வருஷத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு சங்கத்துக்கும் வருவார். அந்த ஒரு நாளுக்காகத்தான் சங்கங்கள் வருஷம் முழுக்கச் செய்ததையெல்லாம் தேக்கி வைக்கும். பெரிய திட்டம் எதுவோ அது அவர் கையால் நடக்க வேண்டும். அதுதான் அவர்கள் வழக்கம்.

சரி, மூன்று வாரம்தானே என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். மார்ச் இருபதாம் தேதி போன். ஆளுநர் வெளிநாடு போகிறார், ஏப்ரல் இருபத்தாறு. ஏப்ரல் இருபத்துநாலாம் தேதி மறுபடி போன். ஆளுநர் வீட்டில் கல்யாணம், மே முப்பத்தொன்று.

இதற்கு நடுவில் எங்கள் பன்னிரண்டு பேரையும் வாட்ஸப் குழுவில் சேர்த்திருந்தார்கள். தினமும் போட்டோ வரும். அம்பத்தூர் ஏரிக்கரையில் மரம் நடுகிறார்கள்; ஒரு வேப்பங்கன்று, அதைப் பதினாலு பேர் பிடித்திருக்கிறார்கள். மோர்ப் பந்தல் திறக்கிறார்கள். ரிப்பன் வெட்ட ஆறு பேர், மோர் குடிக்க ஒரு ஆட்டோக்காரர். நோட்டுப் புத்தகம் கொடுக்கிறார்கள். ஒரு சின்னப் பெண்ணின் கையில் ஒரே நோட்டு, நோட்டில் எட்டுக் கைகள், அந்தப் பெண்ணின் முகம் தெரியவில்லை. எல்லாப் படத்திலும் பின்னால் அதே பேனர். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு கக்கூஸுக்குப் போய்விட்டு வந்து உட்கார்ந்து இதையெல்லாம் பார்ப்பேன். கீழே எல்லோரும் கைகூப்பிய பொம்மை போடுவார்கள். நானும் போட்டிருக்கிறேன். அதை நினைத்தால்தான் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

ஏப்ரல் கடைசியில் இஸ்மாயில் பாய் போன் செய்தார். "இன்னாமா, நடக்கறியா? ஒரு தபாகூட சரி பண்ண வரலயே."

"கால் இன்னும் குடுக்கவே இல்ல பாய்."

"பிப்ரவரியிலயே ஒப்படைச்சிட்டமே," என்றார். "அய்யோ. உன்ன மாதிரி புதுக் காயம் அஞ்சு பேருக்குக் கீதும்மா. பழைய ஆளுங்களுக்குப் பரவால்ல. நீங்க அஞ்சு பேரும் ஒடனே வாங்கியாவணும். நான் தலைவர்கிட்ட பேசறேன்."

பேசினார். தலைவர் சொன்னாராம், செய்து கொடுப்பது உங்கள் வேலை, எப்போது கொடுப்பது என்பது எங்கள் வேலை என்று.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. விஜய்யிடம் வண்டியை எடுக்கச் சொன்னேன்.

"பகைச்சிக்காத எழிலு. பேர அடிச்சிட்டாங்கன்னா இன்னா பண்ணுவ? கொஞ்ச நாளுதான் கீது. பொறுத்துக்க."

"உனுக்கு ரெண்டு காலு கீதுயா. நீ பொறுத்துக்க," என்றேன். வண்டியை எடுத்தார்.

தலைவர் ஜெகதீசனின் டைல்ஸ் கடை பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் இருக்கிறது. வழுவழுவென்று தரை, கட்டைக்கோலை ஊன்றவே பயமாக இருந்தது. அவர் மோசமாக நடத்தவில்லை. நாற்காலி போடச் சொன்னார், டீ வரவழைத்தார். அந்த மரியாதைதான் பேச வந்த வாயை அடைக்கிறது.

"சார், என் கால மட்டும் குடுத்துடுங்க. விழாவுக்குக் கண்டிப்பா வரேன். அதப் போட்டுக்கினே வரேன்."

"அது எப்படிம்மா? பன்னெண்டு கால் வழங்கும் விழான்னு அழைப்பிதழ் அடிச்சாச்சு. மேடையில பதினொண்ணு இருந்தா ஆளுநர் என்ன நினைப்பார்?"

"கிண்ணம் லூஸாயிடும்னு பாய் சொன்னாரு சார்."

"அவங்க அப்படித்தான் பயமுறுத்துவாங்க. கால் என்ன காய்கறியா, அழுகிப் போக? பத்திரமா வச்சிருக்கேன். வந்து பாரு."

குடோனைத் திறந்து காட்டினார். டைல்ஸ் பெட்டிகளுக்கு மேல் வரிசையாகப் பன்னிரண்டு கால்கள். ஒவ்வொன்றிலும் நீல ரிப்பன், பெயர் எழுதிய அட்டை. மூன்றாவது என்னுடையது. என் நிறத்துக்கே செய்திருந்தார் பாய். நான் கையை நீட்டினேன். தொடக்கூட இல்லை, அதற்குள் ஜெகதீசன் சிரித்துக்கொண்டே என் கையைத் தள்ளி, "ரிப்பன் கசங்கிடும்மா," என்றார். "ஆளுநர் கையால வாங்கினா உனக்குத்தானே பெருமை?"

அந்த இடத்திலேயே பிடுங்கிக்கொண்டு வந்திருக்க வேண்டும். இரண்டு கட்டைக்கோலைப் பிடித்த பிறகு பிடுங்குவதற்கு எனக்குக் கை ஏது? விஜய் வாசலில் நின்று கண்ணாலேயே வந்துவிடு என்றார். வந்துவிட்டேன். வண்டியில் வரும் வழியெல்லாம் அவரைத் திட்டித் தீர்த்தேன். பாவம், அவர் ரோட்டையே பார்த்து ஓட்டினார்.

மே மாதத்தில் என் மிச்சக் கால் இளைப்பது எனக்கே தெரிந்தது. பிப்ரவரியில் இரண்டு கையாலும் சுற்றிப் பிடித்தால் விரல்கள் தொடாது. இப்போது ஒன்றின்மேல் ஒன்று ஏறின. தினமும் காலையில் பிடித்துப் பார்ப்பேன். பிடித்துப் பார்த்துவிட்டு அடுப்பைப் பற்றவைப்பேன்.

மே முப்பத்தொன்று ஞாயிற்றுக்கிழமை. முகப்பேரில் கல்யாண மண்டபம். மறுநாள் காலை ஏழு மணிக்கு நான் லைனில் நிற்க வேண்டும். மேடைக்கு ஏழு படி. கால் இல்லாதவர்களுக்குக் கால் கொடுக்கிற விழாவில் ஏழு படி வைத்த மேடையைப் பிடித்த அறிவாளி யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பொன்னம்மாள் அக்கா என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார். "எடம் போச்சு தாயி. சித்திரையிலயே ஒருத்தி வந்து உக்காந்துட்டா. நீ வரமாட்டேன்னு நெனச்சேன்னு சொல்றா. அவ மேல இன்னா தப்பு?"

என் பெயரை முதலில் கூப்பிட்டார்கள். இளவயது, பார்க்க நன்றாக இருப்பேன், படத்துக்கு எடுப்பாக இருக்கும் என்று நினைத்திருப்பார்கள். ஏறுவதற்குள் வியர்த்துவிட்டது. ஆளுநர் சிவராமன் பட்டு வேட்டியில் நின்றார். என் காலை ரிப்பனோடு என் கையில் வைத்தார். ஒரு முனையை அவர் பிடித்துக்கொண்டார், இன்னொரு முனையை ஜெகதீசன் பிடித்துக்கொண்டார். கேமராக்காரன், "அக்கா, இந்தப் பக்கம் சிரிங்க," என்றான்.

"இப்ப இந்தச் சகோதரி நம்ம முன்னாடியே நடந்து காட்டப் போறாங்க!" என்று ஜெகதீசன் மைக்கில் சொன்னார்.

திரைக்குப் பின்னால் இஸ்மாயில் பாய் என் மிச்சக் காலைக் கிண்ணத்துக்குள் விட்டார். சட்டிக்குள் கரண்டி விட்ட மாதிரி ஆடியது. வெளியே எடுத்துக் காலுக்கு ஒரு துணி உறை போட்டார், இரண்டாவது போட்டார், ஐந்து உறை போட்டார். அப்புறமும் ஆடியது. அவர் முகம் கறுத்துவிட்டது. "வேணாம் சார்," என்று எட்டிப் பார்த்த ஜெகதீசனிடம் சொன்னார். "லூஸா கீது. நடந்தா உழுந்துரும் பொண்ணு."

ஜெகதீசன் குரலைத் தாழ்த்தி, "ஒரு போட்டோ வரைக்கும் நின்னா போதும்பா," என்றார்.

நான் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தேன். என் காலைப் பற்றித்தான் பேச்சு. நான் காது கேட்காதவள் என்று நினைத்தாரா, இல்லை ஆளே இல்லை என்று நினைத்தாரா?

எழுந்தேன். திரையை விலக்கிக்கொண்டு மேடைக்கு நடந்தேன். முதல் அடி பரவாயில்லை. இரண்டாவது அடியில் உள்ளே ஏதோ திரும்பியது. மூன்றாவது அடியில் குனிந்து பார்த்தேன். என் முகம் ஜனங்களைப் பார்த்திருந்தது, என் இடது பாதம் சுவரைப் பார்த்திருந்தது. விழாமல் இருக்க மைக் கம்பியைப் பிடித்தேன். கைதட்டினார்கள். நான் உணர்ச்சிவசப்பட்டு நிற்பதாக நினைத்துக்கொண்டு மண்டபமே கைதட்டியது.

மைக் கையில் இருந்தது. பேசினேன்.

"யாரும் கை தட்டாதீங்க. இந்தக் கால் எனக்குச் சேரல. பிப்ரவரியில குடுத்திருந்தா சேந்திருக்கும். இந்தக் கால் பிப்ரவரியிலயே வந்திருச்சி. மூணு மாசம் குடோன்ல ரிப்பன் கட்டி வெச்சிருந்தாங்க. இவரு வந்து குடுக்கணும்னு வெச்சிருந்தாங்க." ஆளுநரைக் காட்டினேன். "நாளைக்குக் காலைல நான் வேலைக்கு நிக்கணும். இதப் போட்டுக்கினு நிக்க முடியுமா, நீங்களே சொல்லுங்க. என்ன மாதிரி அஞ்சு பேரு கீறோம். எங்க யாருக்கும் இது உதவாது."

கீழே விஜய் தலையில் கை வைத்துக்கொண்டிருந்தார். இளங்கோ தரையைப் பார்த்தார். ஆளுநர் மெதுவாக என் கையிலிருந்து மைக்கை வாங்கினார். அவருக்கு உண்மையாகவே வருத்தம் என்றுதான் தோன்றியது. தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்:

"சகோதரியின் கண்ணீர் என் நெஞ்சைச் சுட்டுவிட்டது. இதோ அறிவிக்கிறேன். இந்த ஐந்து பேருக்கும் புதிய கால்கள். வருகிற ஜூலை மாதம், புதிய நிர்வாகிகள் பதவியேற்பு விழாவில், இதே மேடையில், என் கையாலேயே வழங்குவேன்!"

கைதட்டல். எழுந்து நின்று கைதட்டினார்கள்.

என் கண்ணில் கண்ணீரே இல்லை. எனக்குள் இருந்தது வேறு. நடுவில் ஜெகதீசனுடைய நாற்காலி இருந்தது, ராஜா நாற்காலி மாதிரி உயரமான முதுகு வைத்தது. மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டே போய் அதில் உட்கார்ந்தேன். அந்தக் காலைக் கழற்றி அவர்கள் மேஜையில், பூங்கொத்துக்கும் மணிக்கும் நடுவில் வைத்தேன். மிச்சக் காலை நீட்டினேன்.

"பாய், இப்ப அளவு எடுங்க," என்றேன்.

"இங்கயா?"

"இங்கதான். எங்க அஞ்சு பேருக்கும் இங்கதான். எடுக்காம நான் எறங்க மாட்டேன்."

ஜெகதீசன் பல்லைக் கடித்துக்கொண்டு, "அம்மா, சாப்பாட்டு நேரம். எல்லாரும் காத்திருக்காங்க," என்றார்.

"காத்திருக்கட்டும் சார். நாங்க காத்துக்கினு இல்லயா?"

இஸ்மாயில் பாய் யாரையும் கேட்கவில்லை. பையைத் திறந்து மாவுக்கட்டை எடுத்தார். ஆளுநர் குடிக்க வைத்திருந்த தண்ணீர் ஜாடியை எடுத்து ஒரு பாத்திரத்தில் ஊற்றி அதில் நனைத்தார். பொன்னம்மாள் அக்காவை இரண்டு பேர் தூக்கி மேடை ஏற்றினார்கள். மற்ற மூன்று பேரும் வந்தார்கள். பட்டு வேட்டிகளெல்லாம் ஓரம் ஒதுங்கின. கேமராக்காரன் கேமராவைத் தூக்கினான். "கீழ வை," என்றேன். வைத்துவிட்டான்.

"எத்தினி நாளு பாய்?"

"ராப்பகலா செஞ்சாலும் பத்து நாளு ஆவும்மா. செஞ்சி நேரா உன் ஊட்டுக்கே எடுத்தாரேன். சங்கத்துக்குக் குடுக்க மாட்டேன்."

பத்து நாள். எனக்கு இருந்தது ஒரு ராத்திரி. ஜெகதீசனைத் திரும்பிப் பார்த்தேன். "சார், நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு எங்க கம்பெனி வாசலுக்கு நீங்க வரணும். பத்து நாள் டயம் கேக்கணும். ஏன் லேட்டாச்சின்னு உங்க வாயாலயே சொல்லணும். நான் சொன்னா சாக்கு சொல்றான்னு நெனப்பாங்க."

இருநூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆளுநரும் பார்த்தார். "கண்டிப்பா வருவார்," என்று ஆளுநர்தான் சொன்னார்.

திங்கட்கிழமை யூனிபார்ம் போட்டுக்கொண்டு, இடது பக்கப் பேன்ட்டை மடித்து ஊக்கு குத்திக்கொண்டு போனேன். விஜய் வேனில் கொண்டுவந்து இறக்கினார். ஏழு மணிக்குச் சங்கு ஊதியதும் என் லைன் பெண்கள் உள்ளே போனார்கள். போகும்போது ஆளுக்கொரு தடவை என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்கள். ஏழே காலுக்கு ஜெகதீசனின் கார் வந்தது. அவர் இறங்கினார். பின் கதவைத் திறந்துகொண்டு கேமராக்காரனும் இறங்கினான், கையில் சுருட்டிய பேனர்.

"அந்தாள அனுப்பிருங்க," என்றேன்.

"ஒரு ஞாபகத்துக்குத்தாம்மா..."

"அனுப்பிருங்க சார்."

அனுப்பினார். வாட்ச்மேன் எங்களை உள்ளே விடவில்லை. எச்.ஆர். மேடம் மீட்டிங்கில் இருக்கிறார், வெளியே நில்லுங்கள் என்றார். எனக்கு மட்டும் ஒரு ஸ்டூல் கொடுத்தார். நான் உட்காரவில்லை, உட்கார்ந்தால் வேலைக்கு ஆகமாட்டாள் என்று கண்ணாடி வழியாகப் பார்த்து யாராவது நினைத்துவிடுவார்களோ என்று பயம். அரை மணி ஆயிற்று. வெயில் சுள்ளென்று ஏறியது. ஜெகதீசன் ஒரு காலில் சாய்ந்தார், மறு காலுக்கு மாற்றினார், மறுபடி மாற்றினார்.

"எவ்வளவு நேரம்மா நிக்க வைப்பாங்க? கால் கடுக்குது," என்றார்.

அவர் முகத்தைப் பார்த்தேன். கிண்டல் இல்லை. நிஜமாகவே கடுத்திருக்கிறது, நிஜமாகவே என்னிடம் சொல்கிறார். எனக்கு அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது. ஸ்டூலைக் காட்டி, "உக்காருங்க சார்," என்றேன். உட்கார்ந்துவிட்டார்.

எட்டு மணிக்கு சிம்ரன் வந்தாள். என் மடித்த பேன்ட்டைப் பார்த்ததும் அவள் முகம் விழுந்துவிட்டது. "அக்கா..." என்றாள்.

ஜெகதீசன் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "வணக்கம்மா. முகப்பேர் ஒளிவட்ட சேவைச் சங்கத்தோட தலைவர் நான். எங்க சங்கம் இந்த ஆண்டு மட்டும் நாற்பத்தாறு நலத்திட்டங்கள்..."

"கால் கதைய சொல்லுங்க," என்றேன்.

நிறுத்தினார். அங்கே மேடை இல்லை, மைக் இல்லை. ஒரு வாட்ச்மேன், ஒரு சின்னப் பெண், நான். "இவங்களுக்குக் கால் பிப்ரவரியிலயே வந்துடுச்சும்மா," என்றார். "நாங்கதான் கொடுக்காம வச்சிருந்தோம். இப்ப அளவு மாறிப்போச்சு. இன்னும் பத்து நாள் ஆகும்."

சிம்ரன் புரியாமல் பார்த்தாள். "ஏன் சார் குடுக்கல?"

வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். ஒரு நல்ல வார்த்தை கிடைக்குமா என்று தேடுவது தெரிந்தது. என்னைப் பார்த்தார். நான் உதவவில்லை.

"ஆளுநர் கையால கொடுத்தா போட்டோ நல்லா வரும்னு," என்றார்.

சொல்லி முடித்ததும் அவர் காதெல்லாம் சிவந்துவிட்டது. சிம்ரன் என்னிடம் திரும்பி, "பதினொண்ணாந்தேதி காலைல நீங்க லைன்ல நிக்கணும் அக்கா. அதுவரைக்கும் நான் மேல என்ன பொய் சொல்லணுமோ சொல்லிக்கிறேன்," என்றாள். உள்ளே போகும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பத்து நாள் கிடைத்துவிட்டது. சந்தோஷம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. பத்து நாள் கிடைப்பது இவ்வளவுதான் என்றால், ஒரு பெரிய மனுஷன் வெயிலில் நின்று ஒரு உண்மையைச் சொன்னால் போதும் என்றால், மூன்று மாதம் என் காலைக் குடோனில் பூட்டி வைத்திருந்தாரே! கோபம் இன்னும் ஒரு பங்கு ஏறியது.

ஜெகதீசன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு காரைப் பார்த்தார். "ஆச்சு இல்லம்மா? அவ்வளவுதானே?"

"இல்ல சார். இன்னும் நாலு பேர் கீறாங்க."

"நாலு பேரா?"

"கோயில் தெருவுல பொன்னம்மாள் அக்கா எடத்துல வேற பூக்காரி உக்காந்துட்டா. அவளும் வயித்துப் பொழப்புக்குத்தான் உக்காந்தா. அவகிட்ட போயி இதையே நீங்க சொல்லணும். அது முடிஞ்சா அடுத்த ஆளு."

"இப்பவா? கடை திறக்கணும்மா. இன்னொரு நாள், இளங்கோவை அனுப்பி..."

பின்னால் வேன் கதவு கிறீச்சென்று இழுபடும் சத்தம் கேட்டது. பகைத்துக்கொள்ளாதே, பொறுத்துக்கொள் என்று மூன்று மாதம் எனக்குச் சொன்ன மனுஷன், கதவை முழுசாகத் திறந்து பிடித்துக்கொண்டு ரோட்டில் நின்றார்.

"திருவேற்காடுதான் போவுது சார்," என்றார் விஜய். "ஏறி உக்காருங்க."